முடிச்சுப் போடும் அத்தான்

என் அக்காவின் கணவருக்கு எதுவும் தொங்கினால் பிடிக்காது. முப்பது வருஷம் ஆபீசில் ஃபைல்களுக்கு நாடா கட்டிய கை, ஓய்வுபெற்ற பிறகும் சும்மா இருக்கவில்லை. டிவி ஒயர், திரைச்சீலை, குடை என்று கண்ணில் பட்டதையெல்லாம் கட்டிவைத்தார். இதற்குப் பெயர் ஒழுங்காம்.

போன வாரம் குளியலறையில் தண்ணீர் வடியவில்லை. கழிவறையும் பொங்கியது. "உன் முடிதான் அடைச்சிருக்கு" என்று அக்காவிடம் எரிந்து விழுந்தார் அத்தான். ஆள் வைத்துக் குழாயைக் குடைந்தார். ஒன்றும் நகரவில்லை. வீடே நாற, மூக்கில் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு உலாவினார்.

கடைசியில் மெக்கானிக் வந்து செப்டிக் தொட்டியின் மூடியைத் திறந்து, கொக்கிக் கம்பியால் அடிவரை துழாவினார். தண்ணீர் ஏறும்போது கூடவே மிதந்து மேலே வந்து பம்பை ஓடவைக்க வேண்டிய மிதவை, அடியில் குழாயோடு சேர்த்து நாடாவால் கட்டப்பட்டிருந்தது.

"யாரு சார் இதைக் கட்டினது?"

"நான்தான். போன மாசம் ஆள் வச்சுத் தொட்டியைச் சுத்தம் பண்ணினப்போ அலங்கோலமாத் தொங்கிட்டிருந்துச்சு."

மெக்கானிக் தலையில் அடித்துக்கொண்டு முடிச்சை அறுத்தார். மிதவை எழும்பியது, பம்பு உறுமியது, தண்ணீர் மடமடவென்று வடிந்தது. அத்தான் முகத்தில் வெட்கத்தின் சாயல்கூட இல்லை. "இப்படி ஆடிக்கிட்டே இருந்தா பார்க்க நல்லாவா இருக்கு?" என்றார்.

இன்று காலை அக்கா போன் செய்தாள். "தண்ணி மறுபடியும் வடியலைடா."

நான் காரணம் கேட்கவில்லை. "கத்தரிக்கோல் எங்க இருக்குன்னு பாரு" என்றேன்.

"அதையும் ஆணியில கட்டி வச்சிருக்காரு" என்றாள்.