மூன்றாவது வரிசை, பதினோராவது குழி

கல்லறைத் திருநாளுக்கு முன்னால் அம்மாவின் கல்லறையைச் சுத்தம் செய்யப் போன என் தம்பி, நான் பள்ளியில் பாடம் எடுத்துக்கொண்டிருந்தபோது மூன்று முறை போன் செய்தான்.

“அக்கா, அம்மா கல்லறையைச் சுத்தி சுண்ணாம்புல கோடு போட்டுக்கீறாங்க. இன்னான்னு கேட்டா, இங்க மண்டபம் வரப்போவுதுன்றாங்க.”

அம்மா ஊரூர் குப்பத்தில் மீன் விற்று எங்களை வளர்த்தவள். இறந்து ஆறு வருடம் ஆகிறது. மயிலாப்பூரில் எங்கள் கல்லறைத் தோட்டத்தில் புது இடம் கிடையாது. பழைய குழியிலேயேதான் அடுத்தவரை அடக்கம் செய்வார்கள். அம்மாவுக்குக் கிடைத்ததும் பெயரில்லாத ஒரு பழைய குழி.

மாலை பங்குத் தந்தையைப் பார்த்தேன். வெள்ளைக்காரன் காலத்துத் தொழிலாளர் தலைவர் ஒருவருடைய தாயார் அங்கே அடக்கமானவராம். மகன் அப்போது சிறையில். அந்தம்மாவுக்கு நினைவிடம் கட்ட ஒரு குழு கிளம்பியிருந்தது. பதிவேட்டில் ‘மூன்றாவது வரிசை, பதினோராவது குழி’ என்று இருந்தது. இப்போதைய வாசலிலிருந்து எண்ணினால் அது அம்மாவின் குழி.

“உங்க அம்மாவை மரியாதையா வேற எடத்துக்கு மாத்தலாமான்னு கேக்குறாங்கம்மா. சனிக்கிழமை வர்றாங்க, நீங்களே பேசுங்க” என்றார்.

அந்தத் தலைவரைப் பற்றி வகுப்பில் பெருமையாகப் பேசியவள் நான். அந்த வாரம் அவர் பெயரைச் சொல்லவே வாய் வரவில்லை.

சனிக்கிழமை குழுவின் செயலாளர் காகிதத்தோடு வந்தார். அடையாறிலிருந்து தலைவரின் பேத்தியும் வந்திருந்தார், அறுபது வயதிருக்கும். செயலாளர் வரிசையை எண்ணிக் காட்டியபோது, குழி வெட்டும் பெரியவர் குறுக்கிட்டார்.

“மூணாவது வரிசைன்னா எங்கேர்ந்து சார்? அப்போ வாசல் கேட்டு கடல் பக்கம் இருந்துச்சு. ரோட்டுக்காக சுவரை உள்ள தள்ளினப்போ ரெண்டு வரிசை போயிடுச்சு.”

செயலாளர் எதிர்ப் பக்கத்திலிருந்து எண்ணினார். வேறொரு குடும்பத்தின் கல்லறை வந்தது. போன வரிசைகளையும் சேர்த்து எண்ணியபோது மழைநீர்க் கால்வாயில் போய் நின்றார்.

“எங்க தாத்தாவுக்கே தெரியாதுங்க” என்றார் பேத்தி. “ஜெயில்லேர்ந்து வந்து தேடிப் பார்த்திருக்கார். கடைசியில இங்க இருந்த ஒவ்வொரு கல்லறை மேலயும் ஒரு பூ வெச்சுட்டு வந்துட்டாராம். நாம வாசல்கிட்ட ஒரு கல் வைப்போம். அது போதும்.”

செயலாளருக்கு மனமில்லை. ஆனால் காகிதத்தை மடித்துவிட்டார்.

நான் அம்மாவின் கல்லறை ஓரமாகவே உட்கார்ந்துவிட்டேன். அழுகை வந்தது, ஆனால் நெஞ்சு லேசாகியிருந்தது. கொஞ்சம் வெட்கமாகவும் இருந்தது. பேத்தியிடம் சொல்லியே விட்டேன்: “உங்க கொள்ளுப்பாட்டி எடம் தெரியாமப் போனதுக்கு நான் சந்தோஷப்படுறேன். மன்னிச்சுக்குங்கம்மா.”

அவர் என் பக்கத்தில் உட்கார்ந்தார். “எனக்கும் நிம்மதிதான். இன்னொருத்தர் அம்மாவை எழுப்பிட்டு எங்க கொள்ளுப்பாட்டிக்கு மண்டபம் கட்டணுமா?”

அதற்குள் தம்பி இரண்டு வாளித் தண்ணீர் ஊற்றிச் சுண்ணாம்பைக் கழுவிவிட்டான்.

இப்போது வாசலருகே அந்தக் கல் இருக்கிறது. அந்தம்மாவின் பெயரும், அதற்குக் கீழே ‘இந்தத் தோட்டத்தில் துயில்கிறார்’ என்ற வரியும் மட்டும்தான். ‘எழுத்து ரொம்பச் சின்னதா கீது’ என்று என் தம்பிக்கு ஒரே குறை.