ஓரமாய்ப் போ

எங்கள் சைக்கிள் கழகத்தின் செயலாளர் வேலையில் எனக்கு மிகவும் பிடித்தது பழைய பிஸ்கட் ரின்னை, அந்தத் தகர டப்பாவை, திறப்பதுதான். இப்போது அந்த ரின்னைக் கையில் எடுக்கவே எனக்குப் பயமாக இருக்கிறது.

ரின் இருப்பது உவர்மலை அடிவாரத்தில், எங்கள் அங்கத்தவர் ஒருவரின் சைக்கிள் கடையில். பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளைகள் அங்கேதான் காற்றடிப்பார்கள். காற்றடிக்கும் பம்புக்குப் பக்கத்தில் ரின்னும், வெட்டி வைத்த கடதாசித் துண்டுகளும், நைலோன் நூலில் கட்டிய பென்சிலும் இருக்கும். துண்டில் மூன்று கேள்விகள்: எந்த இடம், என்ன நேரம், என்ன நடந்தது. விழுந்ததை மட்டுமல்ல, விழப்பார்த்ததையும் எழுதலாம். பெயர் எழுதாமல் மடித்து ரின்னுக்குள் போட வேண்டும்.

துறைமுகக் கரையோரமாகப் போகும் வீதியைப் பற்றி நாங்கள் கடிதம் எழுதத் தொடங்கிப் பல மாதங்கள். இறங்குதுறையிலிருந்து வரும் லொறிகளும் ரியூசன் வகுப்புக்குப் போகும் பிள்ளைகளும் ஒரே நேரத்தில் அந்த வீதியில் நெருக்குகிறார்கள். தார் விளிம்பை நிரப்புங்கள், சைக்கிளுக்கு ஒரு கோடு கீறித் தாருங்கள், பள்ளி தொடங்கும் நேரத்திலும் விடும் நேரத்திலும் லொறிகளைச் சற்று மறித்து வையுங்கள் என்று கேட்டோம். ஒவ்வொரு தடவையும் ஒரே பதில்தான் வந்தது. அந்த இடத்தில் விபத்து எதுவும் பதிவாகவில்லை. முழங்கால் உரசியதற்கெல்லாம் யார் பொலிசுக்குப் போகிறார்கள்? அதனால்தான் ரின்.

பெயர் வேண்டாம் என்பது என் யோசனை. பிள்ளைகள் உண்மையை எழுத வேண்டுமென்றால் அது வீட்டுக்குப் போய்ச் சேராது என்று அவர்கள் நம்ப வேண்டும். பள்ளிக்கூடத்துக் காலைக் கூட்டத்தில் ஹெல்மெட்டைக் கையில் வைத்துக்கொண்டு மேடையில் நின்று சொன்னேன்: "நீங்கள் எழுதிறது உங்கட அம்மா அப்பாவுக்குத் தெரியவராது. அதுக்கு நான் பொறுப்பு." மூன்றாவது வரிசையில் என் மகள் நின்றாள். அம்மாவே மேடையில் நிற்கிற வெட்கத்தில் தன் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

துண்டுகளை நான் ஒருத்திதான் வாசிப்பேன். இடம் இடமாகப் பிரித்து ஒரு கொப்பியில் என் கையெழுத்தில் எழுதிவிட்டு, துண்டுகளைக் கிழித்துவிடுவேன். எழுத்தை வைத்துப் பிள்ளையைக் கண்டுபிடிக்கக் கூடாது என்பதற்காக அந்த ஒழுங்கு.

என்னைப் பற்றியும் சொல்ல வேண்டும். நான் பயந்தவள். ஞாயிறு காலையில் கழகத்தோடு சாம்பல்தீவு வரை சைக்கிள் ஓடுவேன். ஆனால் என் மகள் சைக்கிளில் கேற்றைத் தாண்டினால் அவள் திரும்பி வரும்வரை எனக்கு ஒரு வேலையும் ஓடாது. மகளுக்குப் பதினைந்து வயது. ஹெல்மெட், மஞ்சள் மேற்சட்டை, பின்மட்காட்டில் ஒளிரும் ஒட்டி என்று எல்லாம் செய்து கொடுத்திருந்தேன். இவ்வளவுக்கும் பிறகு கேற்றடியில் நின்று தினமும் ஒரு வார்த்தை சொல்வேன்: "ஓரமாய்ப் போ." இந்த ஊரில் பிள்ளையைச் சைக்கிளில் அனுப்புகிற எல்லா வீட்டுக் கேற்றடியிலும் இது கேட்கும்.

எங்கள் கழகத்தின் துண்டுப்பிரசுரத்தை எழுதியவளும் நான்தான். அதில் முதலாவது விடயம்: தார் விளிம்பிலிருந்து ஒரு கை நீளம் உள்ளே ஓடுங்கள். விளிம்போடு ஒட்டிப் போனால் பின்னால் வருகிறவன் இடம் காணும், போதும் என்று நினைத்து உரசிக்கொண்டு முந்துவான். நம் வீதிகளில் தார் முடிகிற இடம் படி மாதிரி இறங்கும். முன்சில்லு வழுக்கினால் ஆள் விழுவது வீதிக்குள்தான். இதைக் கரும்பலகையில் கீறி மற்றப் பெற்றோருக்கு நான் விளக்கியிருக்கிறேன். அதே பின்னேரம் கேற்றடியில் என் மகளுக்கு ஓரமாய்ப் போ என்று சொல்லியிருப்பேன். இரண்டும் ஒரே வாயால் வந்தது எனக்கு ஒரு நாளும் உறைக்கவில்லை.

அது ஒரு சனிக்கிழமை. கணவருக்கு மட்டக்களப்பில் வேலை. அந்த வாரம் வீட்டுக்கு வரவில்லை. மகள் தலைமுழுகிக்கொண்டிருந்தாள். நான் சாப்பாட்டு மேசையில் துண்டுகளைப் பிரித்துக்கொண்டிருந்தேன். "மான் குறுக்கே வந்தது. பிழை என்னில்தான், மானில் இல்லை" என்று ஒரு பிள்ளை எழுதியிருந்தது. இன்னொன்று: "நாய். இரண்டு தரம். ஒரே நாய்." எங்கள் ஊர் வீதிகளில் மானும் நாயும் ஒன்றாய்த்தான் திரியும். நான் தனியே இருந்து சிரித்தேன்.

அடுத்த துண்டு எட்டாக மடித்திருந்தது. எழுத்து இடக்கையால் எழுதியது போலக் கோணலாக இருந்தது. வாசித்ததை அப்படியே தருகிறேன்.

"இடம்: துறைமுகக் கரை வீதி, பெரிய வளைவு. நேரம்: பின்னேரம், ரியூசன் விட்டு வரும்போது. நடந்தது: நான் நல்ல ஓரமாகத்தான் போனேன். அம்மா எப்போதும் அப்படித்தான் சொல்லுவா. பின்னால் லொறி வந்தது. இடம் காணும் என்று டிரைவர் நினைத்திருப்பார். தார் முடிகிற இடத்தில் முன்சில்லு கீழே இறங்கிவிட்டது. நான் ரோட்டுப் பக்கமாக விழுந்தேன். லொறியின் பின்சில்லு என் ஹெல்மெட்டுக்குக் கிட்டப் போனது. காற்று முகத்தில் அடித்தது. றப்பர் மணந்தது. லொறி நிற்கவில்லை. டிரைவருக்குத் தெரியாது என்று நினைக்கிறேன். வீட்டில் செயின் கழன்று விழுந்தேன் என்று சொன்னேன். அம்மா புதுச் செயின் போட்டுத் தந்தா."

கடைசி வரிக்கு வரும்வரை அது யாரோ ஒரு பிள்ளை. பாவம், எந்தத் தாய் பெற்றதோ என்று நினைத்தபடிதான் வாசித்தேன்.

புதுச் செயின் வாங்கியது நான். அன்று அவள் முழங்காலைக் கழுவி டெற்றோல் வைத்தது நான். செயினுக்கு எண்ணெய் போடுவதற்குக் கூடப் பஞ்சி, சோம்பேறி என்று ஏசினதும் நான். அவள் கதிரையில் இருந்து ஏச்சு முழுவதையும் கேட்டாள். அழவில்லை. இரவுச் சாப்பாட்டுக்கு இரண்டாவது தரமும் புட்டு வாங்கிச் சாப்பிட்டாள் என்பதும் நினைவுக்கு வந்தது.

குளியலறையில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. சத்தம் நின்றால் என்ன செய்வது என்று தெரியாமல், அது நிற்கக் கூடாதென்று வேண்டிக்கொண்டிருந்தேன்.

அவள் தலையில் துவாயைச் சுற்றிக்கொண்டு வந்தாள். "என்ன அம்மா, ஒரு மாதிரி இருக்கிறீங்கள்?"

கொப்பியைத் துண்டின் மேல் வைத்தேன். "ஒண்டுமில்ல. மானைப் பற்றி ஒரு பிள்ளை எழுதியிருக்கு."

"எந்த லூசு மானைப் பற்றி எழுதினது?"

"பேர் இல்லை."

"அது சரி. பேர் போட்டா ஆர் எழுதுவினம்?" என்றபடி குசினிக்குள் போனாள். அவள் முழங்காலில் தழும்பு இன்னும் இளஞ்சிவப்பாக இருந்தது.

முதலில் தோன்றியது சைக்கிளைப் பூட்டுவது. அவளை ஏற்றிப்போக முச்சக்கர வண்டிக்காரரின் இலக்கத்தை எடுத்து அழைக்கவும் செய்தேன். ஒரு தடவை மணி அடித்ததும் துண்டித்தேன். இன்று நிறுத்தினால் ஏன் என்று அவளுக்கு உடனே விளங்கும். அம்மா துண்டை வைத்து என்னைக் கண்டுபிடித்தாள், வாக்கை மீறினாள் என்று நினைப்பாள். திங்கட்கிழமை இடைவேளைக்குள் பள்ளிக்கூடம் முழுக்கத் தெரிந்துவிடும். அதற்குப் பிறகு ரின்னில் ஒரு கடதாசியும் விழாது. அதைவிட இன்னொன்று பெரிதாகப் பட்டது: இனி விழுந்தால் அவள் எங்கே சொல்வாள்?

நிறுத்தாமல் விட்டால், அதே வளைவு, அதே லொறிகள். அவள் உயிரோடு சூதாடுகிற மாதிரி. அந்தச் சனியும் ஞாயிறும் நான் சாப்பிட்டதும் தூங்கியதும் நினைவில்லை.

ஞாயிறு காலை காற்றடிக்கப் போனபோது கடைக்காரரிடம் கேட்டேன். "தம்பி, என்ர மகளின்ர செயின் மாத்தினனாங்கள் எல்லோ. பழைய செயின் பழுதா இருந்ததா?"

அவர் பம்பிலிருந்து கையை எடுக்கவில்லை. "அண்டைக்கே சொன்னனான் அக்கா, செயினில ஒரு பிழையுமில்லை எண்டு. நீங்கள்தான் மாத்தத்தான் வேணும் எண்டு நிண்டனீங்கள்."

"வேற என்ன பிழை இருந்தது?"

"ஹாண்டில் திரும்பியிருந்தது. அதை அதுக்கு முதல் நாளே நிமித்திக் குடுத்திட்டன்."

"ஏன் எனக்குச் சொல்லேல்ல?"

"பிள்ளை சொல்ல வேண்டாமெண்டது." பிறகு ரின்னைக் காட்டினார். "நீங்களும் அதைத்தானே அக்கா சொன்னனீங்கள், பிள்ளையளின்ர கதை வீட்டுக்குப் போகப்படாதெண்டு. நான் சட்டத்தை மீறுவனோ?"

அவர் பகிடியாகச் சொன்னாரா உண்மையாகச் சொன்னாரா என்று தெரியவில்லை. எனக்குக் கோபப்படவும் வழியில்லை.

புதன்கிழமை வீதி அதிகாரியைச் சந்திக்கப் போனோம். நானும் கழகத் தலைவரும். தலைவர் நில அளவைப் பகுதியில் வரைபடம் கீறி ஓய்வு பெற்றவர், அதிகம் பேசமாட்டார். பெரிய வளைவைப் பற்றி மகளுடையதற்கு முன் வந்தவை இரண்டு துண்டுகள், இரண்டும் சின்ன உரசல்கள். லொறியைப் பற்றி இருந்தது மகளுடையது மட்டும்தான். அதைக் கொப்பியில் எழுதியிருந்தேன். எழுதும்போது ஒரு வரியை விட்டுவிடலாமா என்று பேனையைத் தூக்கிப் பிடித்திருந்தேன். அம்மா எப்போதும் அப்படித்தான் சொல்லுவா என்ற வரி. பிறகு அதையும் எழுதினேன்.

அதிகாரி மரியாதையானவர். தேத்தண்ணி தந்தார். நான் வாசித்தேன். நடுவில் ஒரு தடவை நிறுத்தித் தேத்தண்ணியைக் குடித்தேன்.

"பேர் இல்லையே மிஸ்," என்றார். "பேர் இல்லாமல் இதை எப்பிடிப் பதியிறது?"

"பேர் கேட்டா ஒருத்தரும் எழுதமாட்டினம் சேர்."

"சரி. ஆனா நான் ஒண்டு சொல்லட்டே, கோவிக்காதீங்கோ. தாய் தகப்பனுக்கும் ஒரு பொறுப்பு இருக்குத்தானே. பிள்ளையளுக்கு ஓரமாப் போகச் சொல்லி வீட்டில சொல்லிக் குடுக்க வேணும்."

தலைவர் ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். நான் முந்திக்கொண்டேன். "தாய் அதைத்தான் சேர் சொன்னது. ஒவ்வொரு நாளும் சொன்னது. பிள்ளை தாயின்ர சொல்லைக் கேட்டுத்தான் விழுந்தது."

"உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

"எழுதியிருக்கு."

கொப்பியைத் திருப்பி அவர் பக்கம் வைத்து அந்த வரியில் விரலை வைத்தேன். விரலை எடுக்க மறந்துவிட்டேன். தலைவர் என் விரலைப் பார்த்தார், பிறகு என் முகத்தைப் பார்த்தார். அவருக்கு விளங்கிவிட்டது. அவர் அதிகாரியிடம் திரும்பி, "சைக்கிளில வாங்கோ எண்டு கேக்கேல்ல சேர். வளைவைப் பாக்க நடந்து வாங்கோ. கிட்டத்தானே," என்றார்.

அவர் வந்தார். பெரிய வளைவில் தார் முடிகிற இடத்தில் நின்று கடலைப் பார்த்துக்கொண்டு ஏதோ கேட்டார். அப்போது இறங்குதுறைப் பக்கமிருந்து ஒரு லொறி திரும்பியது. அவர் ஒரு அடி பின்னால் வைத்தார். அந்த அடிக்கு நிலம் அங்கே இல்லை. ஒரு சாண் கீழே இருந்தது. தலைவரின் தோளைப் பிடித்துத்தான் நின்றார். லொறி போன காற்றில் அவர் கையிலிருந்த கடதாசி பறந்தது. நான் விளிம்பைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் விழுந்த இடம் அதுதானா, கொஞ்சம் தள்ளியா என்று கேட்க எனக்கு ஆளில்லை.

"விளிம்பை நிரப்பலாம்," என்றார் கடைசியில். "கோடு கீறுறதும் லொறி மறிக்கிறதும் என்னால மட்டும் ஏலாது. மேல கேக்க வேணும். கேக்கிறன்."

அன்று பின்னேரம் மகள் ரியூசனுக்கு வெளிக்கிட்டபோது கேற்றடியில் நின்றேன். வாய் பழக்கத்தில் திறந்தது. மூடிக்கொண்டேன்.

அவள் ஒரு காலை நிலத்தில் ஊன்றி நின்றாள். "இண்டைக்கு ஒண்டும் சொல்லேல்லையோ?"

"ஒரு கை நீளம் உள்ளுக்குத் தள்ளிப் போ."

"கழகத்து நோட்டீஸ் மாதிரிக் கதைக்கிறீங்கள்," என்றாள். என்னை ஒரு கணம் கூடுதலாகப் பார்த்தது போல இருந்தது. பிறகு மிதித்துக்கொண்டு போய்விட்டாள். அவள் திரும்பி வரும்வரை நான் கேற்றடியிலேயே நின்றேன். பக்கத்து வீட்டுக்காரி இரண்டு தரம் வந்து ஆரைப் பார்த்து நிற்கிறீங்கள் என்று கேட்டாள்.

வளைவில் கிறவல் மண் கொட்டி விளிம்பை இறுக்கினார்கள். கோடு இன்னும் இல்லை. லொறி மறிப்பது பற்றிப் பதில் வரவில்லை. அடுத்த கடிதத்தை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

போன சனிக்கிழமை ரின்னைத் திறந்தேன். மானும் நாயும் இந்தத் தடவை இல்லை. ஒன்று எட்டாக மடித்திருந்தது.

"இடம்: பெரிய வளைவு. நேரம்: ரியூசன் விட்டு வரும்போது. நடந்தது: கிறவல் போட்டிருக்கிறார்கள், நல்லது. ஒரு கை நீளம் உள்ளே ஓடினேன். பின்னால் லொறி ஹோர்ன் அடித்தது. நான் விலகவில்லை. திரும்பவும் அடித்தது. விலகவில்லை. லொறி பின்னாலேயே மெதுவாக வந்து, வளைவு முடிந்த பிறகுதான் முந்தியது. டிரைவர் ஏசினார். பிறகு இறங்கிக் கொஞ்சத் தூரம் சைக்கிளை உருட்டிக்கொண்டு போனேன். வீட்டில் சொல்லவில்லை."

அதைக் கொப்பியில் பெரிய வளைவு என்ற தலைப்பின் கீழ் எழுதினேன். ஒழுங்குப்படி துண்டைக் கிழித்தேன். முன்னறையில் அவள் யாருடனோ தொலைபேசியில் சிரித்துக்கொண்டிருந்தாள். சிரித்து முடியட்டும், பிறகு அவளைத் தாண்டிப் போய்க் குப்பையில் போடலாம் என்று, கிழித்த கடதாசியைக் கைக்குள் பொத்திக்கொண்டு மேசையில் இருந்தேன்.