சூசையப்பர் நின்ற வாசல்

அப்பாவின் அடக்கத்துக்கு வந்தவர்கள் எல்லோரும் அவருடைய பொறுமையைப் புகழ்ந்தார்கள். நான் அவர்களுக்குக் காபி கொடுத்தேன். முதுகுவலி வந்த ஜேசுராஜின் பொறுமை எங்கள் வீட்டுக்குள் இருந்தவர்களுக்குத்தான் தெரியும்.

அப்பா அம்பத்தூர் தொழிற்பேட்டையில் தகடு வெட்டும் பிரஸ் ஆபரேட்டர். தகடு தூக்கித் தூக்கி இடுப்பு போனது. காந்த பெல்ட் வாங்கினார். புது மெத்தை வாங்கி, அதைச் சுருட்டி வைத்துவிட்டுத் தரையில் படுத்தார். சுளுக்கு எடுப்பவர் முதுகில் ஏறி மிதித்ததில் ஒரு வாரம் லீவு. பிசியோதெரபிஸ்ட் நிஷா சொன்னதை மட்டும் செய்யவில்லை.

"தினம் நடங்க சார், இந்தப் பயிற்சிய செய்யுங்க. எதைத் தூக்கினாலும் முட்டிய மடக்கித் தூக்குங்க."

இவ்வளவு சுலபமான வைத்தியத்தை நம்ப அப்பாவுக்கு மனம் வரவில்லை.

கள்ளிக்குப்பத்தில் எங்கள் கோயில் திருநாளன்று புனித சூசையப்பர் சொரூபம் வைத்த சப்பரத்தைத் தோளில் சுமப்பார்கள். வலது முன் தண்டைச் சுமக்கும் உரிமை தாத்தா காலத்திலிருந்து எங்கள் குடும்பத்துக்கு. ஒருமுறை விட்டால் திரும்பி வராது. அதை வாங்கிக்கொள்ளப் பக்கத்தில் ஃபெலிக்ஸ் தயாராக இருந்தார். வேலையை விட்டாலும் விடுவார், அந்தத் தண்டை விடமாட்டார் அப்பா. அந்த வருடத் திருநாளன்று ஃபெலிக்ஸ் சீண்டினார்.

"இன்னா மச்சான், சட்டைக்குள்ள பெல்ட்டு கட்டிகினு வந்துகீற? குடு, நான் புடிக்கிறேன்."

"நீ மொதல்ல உன் தொப்பைய புடி."

வலி மாத்திரையை விழுங்கிவிட்டுத் தூக்கினார். ஹெலினா அத்தை வீட்டு வாசலில் முதுகு பிடித்துக்கொண்டது. நடக்கவும் முடியவில்லை, இறக்கவும் முடியவில்லை. வலிக்கிறது என்று சொன்னால் தண்டு போய்விடும். வாயை மூடிக்கொண்டு நின்றார். முன்னால் போன பேண்டு செட் திரும்பிப் பார்த்தது.

"சூசையப்பர் நவுர மாட்டேன்றாரு!" என்று யாரோ கத்தினார்கள்.

மகன் ஆன்டோவுக்கு வேலை வேண்டி ஜெபித்துக்கொண்டிருந்த ஹெலினா அத்தை நடுத்தெருவில் மண்டியிட்டார். தெருவே மண்டியிட்டது. அப்பா கண்ணில் தண்ணீர் வழிந்தது. கடைசியில் நாலு பேர் அவரைத் தாங்கிப் பிடித்து நகர்த்தினார்கள். அருள் இறங்கியதில் தளர்ந்துவிட்டாராம்.

வீட்டில் அம்மா விடவில்லை. "நின்னது சூசையப்பரா, உங்க இடுப்பா?"

"மெதுவா பேசு ஞானகுமாரி. வாசல்ல ஆளு கீது."

அந்த மாதமே ஆன்டோவுக்கு வேலை கிடைத்தது. அற்புதம் உறுதியாகிவிட்டது. அப்பாவுக்குத்தான் பயம் வந்தது. அடுத்த திருநாளில் மறுபடி பிடித்துக்கொண்டு சாயம் வெளுத்தால்? ஒருவருக்கும் தெரியாமல் நிஷாவிடம் போனார். கதவைச் சாத்திக்கொண்டு, மல்லாந்து படுத்து, இடுப்பைத் தூக்கித் தூக்கி இறக்கினார். ஏரிக்கரையில் நடந்தார். கீழே விழுந்த சோப்பைக்கூட முட்டியை மடக்கித்தான் எடுத்தார். வலி மெல்ல மெல்லக் குறைந்து, ஒருநாள் காணாமலே போனது.

அடுத்த திருநாளுக்கு ஹெலினா அத்தை வாசலில் ஷாமியானா, மைக், சூசையப்பர் மறுபடி நிற்பார் என்று மெழுகுவர்த்தியோடு கூட்டம். அப்பா பல வருடங்களுக்குப் பிறகு வலியில்லாமல் சுமந்தார். அந்தப் பெருமையில் நிமிர்ந்து, ஒரே நடையாக வாசலைக் கடந்து போய்விட்டார். சப்பரம் நிற்கவே இல்லை.

திருவிழா கமிட்டி கூடியது. "உன் மேல இருந்த அருள் பூட்ச்சு அண்ணாத்தே. அதான் அவரு நிக்கல."

அப்பா பொறுக்க முடியாமல் உண்மையைச் சொன்னார். "போன வருசம் நின்னது என் முதுகுப்பா. இப்ப அது நல்லாகீது."

"கேட்டியா மாமே? சாமிய முதுகுன்றான்!"

தண்டு ஃபெலிக்ஸுக்குப் போனது. அப்பாவுக்கு, சப்பரத்தின் பின்னால் ஜெனரேட்டர் வண்டியோடு நடக்கும் வேலை. சாகும்வரை அதைச் செய்தார். அந்தப் புகையில் இருமலும் சேர்ந்துகொண்டது. முதுகு மட்டும் ஒருநாளும் வலிக்கவில்லை. அதை யாரிடமும் அவர் சொல்லிக்கொள்ளவும் இல்லை.