காளிக்குப் போகாத புகார்

“ஏத்தா, காலேஜ் படிச்சிட்டா ஸ்டேஷன்ல உனக்குச் சேர் போட்ருவாகளாக்கும்?”

கேட்டவர் என் பெரியப்பா. அம்மாவின் ஆடு திருடு போன காலையில், புகார் கொடுக்க நான் கிளம்பியபோது கேட்டார்.

அம்மாவிடம் இருந்ததே அந்த ஒரு ஆடுதான். அதுவும் நிறைசினை... இன்றோ நாளையோ குட்டி போடும். மிஞ்சியது அறுந்த கயிறும், வாசலில் ஒரு டயர் தடமும்.

புகார் கொடுக்க அம்மாவுக்கும் ஆசைதான் — ஆனால் காளியிடம்! எங்கள் பக்கம் திருட்டுக் கொடுத்தவர்கள் காளி கோயிலில் ஒரு நாணயத்தை வெட்டிப் போட்டுவிட்டு வந்துவிடுவார்கள். மிச்சத்தை அவள் பார்த்துக்கொள்வாள்.

“அவ ஆதார் கார்டு கேக்க மாட்டாடி. நாளைக்கு வா, நாளான்னைக்கு வான்னு அலைய விடவும் மாட்டா.”

அம்மாவின் வாதம் இது.

இன்னொரு பயமும் உண்டு. வீட்டு முன்னால் ஜீப் நின்றால், திருட்டுக் கொடுத்த வீடு என்றா ஊர் நினைக்கும்? திருடிய வீடு என்றல்லவா நினைக்கும்!

எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் பள்ளிக்கூடப் படி ஏறியவள் நான். ஸ்டேஷன் படியையும் நானே முதலில் ஏறிவிட்டுப் போகிறேன் என்று போனேன். மனுவை நானே எழுதினேன். கையெழுத்தைக் கொஞ்சம் பெரிதாகவே போட்டேன். ரசீது கேட்டேன் — கொடுத்தார்கள். சேரும் போட்டார்கள். ஒரு கால் ஆடுகிற சேர்தான். ஆனாலும் சேர்!

மத்தியானம் ஜீப் வந்தது. எஸ்.ஐ. இறங்கி வாசலைப் பார்த்தார்.

“டயர் தடம் இருக்குன்னு எழுதியிருந்தீங்களேம்மா... எங்க?”

அம்மா முகமெல்லாம் பெருமை. “நீங்க வாரீகன்னு இப்பத்தான் கூட்டிப் பெருக்கி, சாணி தெளிச்சு, கோலம் போட்டேன் சார்!”

எஸ்.ஐ. நின்றிருந்ததே கோலத்தின் நடுவில்தான்.

மனிதர் சிரித்துவிட்டார். ஜீப்பைப் பார்க்கக் கூடிய கூட்டமும் சிரித்தது. அந்தச் சிரிப்பில்தான் எதிர்வீட்டுச் செல்வி அத்தை வாய் திறந்தார்.

“போன மாசம் எங்க கெடாவும் போச்சு சார்.”

“எங்க ரெண்டு குட்டியும்...”

“எங்களுதும்தான்...”

எங்கள் வீடு போக நான்கு வீடுகள்! வெளியே சொன்னால் கேவலம் என்று ஒருவருக்கொருவர் மறைத்திருக்கிறார்கள். எல்லோரும் தனித்தனியாகப் போய்க் காசு வெட்டியிருக்கிறார்கள். பாவம் காளி... எவ்வளவு கேஸ்!

“உங்க ஊர்ல இருந்து புகாரே வராதேம்மா. ரொம்ப நல்ல ஊருன்னுல்ல இந்தப் பக்கம் ரோந்தே விடல!” என்றார் எஸ்.ஐ.

செல்வி அத்தை ஒரு நீலக் கலர் லோடு ஆட்டோவைப் பார்த்திருந்தார். பக்கத்து வீட்டு அக்காவுக்கு அதன் பின்கதவில் இருந்த ரோஜாப்பூ ஸ்டிக்கர் நினைவிருந்தது. பேசப் பேச வண்டி முழுசாக உருவாகி வந்துவிட்டது. அந்த வாரமே பரமக்குடிப் பக்கம் ஒரு தோப்பில் மாட்டியது.

ஸ்டேஷனிலிருந்து ஒரு பெண் காவலர் போன் செய்தார். “ஏம்மா, புகார்ல ஒரு ஆடுன்னுதானே இருக்கு? இங்க மூணு நிக்குதே!”

ஸ்டேஷன் வேப்பமரத்தடியில் பிரசவம். தாயும் சேய்களும் நலம்!

அம்மா ஓடினாள். குட்டிகளை மடியில் போட்டுக் கொஞ்சியவள், திடீரென்று நிமிர்ந்தாள். “சார், ரெண்டு குட்டியையும் எழுதிருங்க. நாளைக்கு நான் களவாண்டேன்னு யாரும் சொல்லிரக் கூடாது.”

நம்பிக்கை இப்படித்தான் வரும் போலிருக்கிறது — அரைகுறையாக, ஒரு கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு. போலீஸ்காரர்கள் மரியாதையாக நடத்தட்டும், பிறகு சொல்கிறோம் என்கிறோம் நாம். நீங்கள் வந்து சொன்னால்தானே தெரியும் என்கிறார்கள் அவர்கள். யார் முதலில் என்று காத்திருந்தால், லாபம் லோடு ஆட்டோக்காரனுக்குத்தான்.

மற்ற வீட்டு ஆடுகள் எந்தக் குழம்பில் கொதித்தனவோ! ஆனாலும் அந்த நாலு வீட்டுப் பெண்களும் எழுதிக் கொடுக்கத் தயார். நாளைக் காலைக்கு ஆட்டோ பேசி, அட்வான்ஸும் கொடுத்துவிட்டேன்.

“அஞ்சு பொம்பளையாளா? எந்த ஊர்ல கல்யாணம்?” என்றார் டிரைவர்.

“கல்யாணமில்லண்ணே... ஸ்டேஷனுக்கு!”