அப்பா போட்ட பென்சில் கோடு

அப்பாவைக் கேலி செய்ய எங்கள் சொந்தக்காரர்களிடம் ஒரே ஒரு கதைதான் இருக்கிறது. கல்யாண வீடுகளில் பந்தி முடிந்து வெற்றிலை போடும் நேரத்தில் யாராவது அதை எடுத்துவிடுவார்கள். அப்பாவும் எதிரிலேயே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பார். ஒரு தடவைகூட மறுத்துப் பேசியதில்லை. எனக்குத்தான் காதெல்லாம் சூடாகிவிடும்.

அப்போது நாங்கள் வடக்கே, மராட்டி பேசும் கட்கியில் குவார்ட்டர்ஸில் இருந்தோம். அப்பாவுக்குத் தொழிற்சாலையில் ஃபிட்டர் வேலை. மயிரிழை அளவுக்கு இரும்பை இழைத்துக் கொடுப்பவர் என்று பெயர். எனக்கு ஒன்பது வயது இருக்கும். கடக்வாஸ்லாவில் வாழ்க்கைப்பட்டிருந்த என் அத்தை, அப்பாவின் ஒரே தங்கை, ஒரு துணிப்பையோடு வந்து எங்களோடு தங்கியிருந்தாள். அங்கே ஒற்றை அறை வீடு. மாமனாரும் புருஷனும் வேலைக்குப் போகும்போது அவளை உள்ளே வைத்து வெளியே பூட்டிக்கொண்டு போய்விடுவார்களாம்.

பெரியவர்கள் கூடிப் பேசினார்கள். பெரியவர்களுக்கு எதற்கும் ஒரு தீர்வு கைவசம் இருக்கும். ஒரே அறையில் மூன்று பேர் இருந்தால் சண்டை வராமல் என்ன செய்யும், மொட்டை மாடியில் தனியாக ஓர் அறை போட்டுக் கொடுத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்றார்கள். அறைக்கான மரச்சட்டத்தைப் பெண் வீட்டார் செய்து தர வேண்டும், தகரமும் பலகையும் மாப்பிள்ளை வீட்டார் பொறுப்பு. சட்டத்தைக் கொண்டுவந்து நிறுத்திய அன்றே தங்கையையும் விட்டுவிடுகிறேன் என்று அப்பா அத்தனை பேர் நடுவிலும் வாக்குக் கொடுத்துவிட்டார். சொன்ன சொல் தவறாதவர் என்பதில் அவருக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

பிம்ப்ரியில் தொழிற்சாலைகளுக்கு இயந்திரங்கள் பெரிய மரப்பெட்டிகளில் வந்து இறங்கும். பெட்டியின் அடிக்கட்டைகள் நல்ல கனம். பழைய மரக்கடையில் அதில் நான்கு கம்பங்களும் குறுக்கு உத்தரங்களும் எடுத்துவந்து பின்கட்டில் அடுக்கினார் அப்பா. கடக்வாஸ்லாவில் அணைப் பக்கத்துக் காற்றுக்கு ஆணி தாங்காது, கம்பத்தில் துளை போட்டு உத்தரத்தின் முனையில் நாக்குப்போலக் கழுந்து செதுக்கி உள்ளே இறுக்க வேண்டும் என்று சொன்னார். பழைய சாமான் சந்தையான ஜுனா பஜாரில் எப்போதோ வாங்கிய ஓர் உளியும், அதை அடிக்கப் பக்கத்து வீட்டில் இரவல் வாங்கிய கொட்டாப்புளியும்தான் அவருடைய ஆயுதங்கள். ஷிஃப்ட் முடிந்து வந்து டீ குடித்ததும் உட்கார்ந்துவிடுவார். நான் முக்காலியைப் போட்டுக்கொண்டு வேடிக்கை பார்ப்பேன்.

ஆரம்பத்தில் வேலை வேகமாகத்தான் நடந்தது. ஒருநாள் அத்தை துணி உலர்த்திக்கொண்டே கேட்டாள்.

“ஏண்ணா, அந்த ரூமுக்குக் கதவு வெப்பாங்க இல்ல? தாப்பா உள்பக்கமா, வெளிப்பக்கமா?”

அப்பா கொட்டாப்புளியைக் கீழே வைத்தார். அடித்துக்கொண்டிருந்த துளையை ஊதிச் சுத்தம் செய்தார்.

அதற்கப்புறம்தான் அந்த உளி மக்கர் பண்ண ஆரம்பித்தது. ஒருநாள் முனை மழுங்கிவிட்டது என்பார், மறுநாள் பிடி பிளந்துவிட்டது என்பார். சாணைக்கல்லில் எண்ணெய் விட்டுத் தீட்டுவதிலேயே பொழுது போய்விடும். செதுக்கிய கழுந்துகளோ துளைக்குள் பல்லில்லாத வாயில் முறுக்கு மாதிரி ஆடின. அப்பா உதட்டைப் பிதுக்கிவிட்டு, அந்த முனையை அறுத்துப் போட்டுவிட்டு, புதிதாக ஆரம்பிப்பார். இப்படியே அறுத்து அறுத்து ஓர் உத்தரம் உட்காரும் மணையாகிவிட்டது. பக்கத்து வீட்டு மராட்டிக்கார அம்மாள், நாங்கள் காக்கு என்று கூப்பிடுபவள், வேலி வழியாக எட்டிப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டாள். எனக்கு அவமானமாக இருந்தது. அப்பாவுக்கு எல்லாம் தெரியும் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லி வைத்திருந்தேன்.

அத்தை இதையெல்லாம் கண்டுகொள்ளவில்லை. கண்டோன்மென்டில் ஒரு தையல் கடையில் பட்டன் கட்டக் கூப்பிடுகிறார்கள் என்று போய்வர ஆரம்பித்திருந்தாள். கடக்வாஸ்லாவிலிருந்து மாமனார் ஆள் மேல் ஆள் அனுப்பிக்கொண்டிருந்தார்.

அம்மாவுக்குத்தான் பொறுக்கவில்லை. “ஃபேக்டரில மயிரிழை பாக்கற மனுஷன் ஊட்ல ஒரு ஓட்டை போடத் தெரியாம உக்காந்துக்கினு இருக்காரே, பாக்கறவங்க இன்னா நெனைப்பாங்க?” என்று தன் தம்பிக்குச் சொல்லியனுப்பினாள். மாமா சாகணில் இயந்திரங்களுக்கு மரப்பெட்டி செய்யும் பட்டறையில் சூப்பர்வைசர். யாருக்காவது உதவி செய்யாவிட்டால் தூக்கம் வராத பிறவி. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் பட்டறை மெஷினையே டெம்போவில் ஏற்றிக்கொண்டு வந்து இறங்கிவிட்டார்.

மெஷின் என்றால் மெஷின்! நாலு மூலை உளி ஒன்று, அதன் வயிற்றுக்குள் சுற்றும் துரப்பணம். கைப்பிடியை இழுத்து அழுத்தினால் அல்வா வெட்டியதுபோல் சதுரத் துளை விழும். ஜன்னல் வழியாக வயர் இழுத்து ஓடவிட்டபோது வீட்டு விளக்கெல்லாம் மங்கியது. அப்பாவின் உளியை மாமா இரண்டு விரலால் தூக்கிப் பார்த்தார். அக்கா புருஷனை அவரும் மாமா என்றுதான் கூப்பிடுவார்.

“இத்த வெச்சி வாழைக்காகூட சீவ முடியாது மாமா. இத்தினி நாளா இதோடயா மல்லுக்கட்டறீங்க? ஐயோ பாவமே!”

அப்பா மெஷினைச் சுற்றிச் சுற்றி வந்தார். பிறகு, “இது கோட்ட விட்டு நகராதா?” என்று கேட்டார்.

“கோடு எங்க இருக்குதோ அங்கதான் எறங்கும். ஒரு நூல் தப்பாது.”

“அப்பிடியா!” என்றார் அப்பா. காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்தார். கோடு மட்டும் தானே போடுவதாகச் சொன்னார். மூலைமட்டத்தை வைத்து, கம்பங்களைத் திருப்பித் திருப்பிப் போட்டு, மாமா இரண்டு டீ குடித்து முடிக்கும்வரை பொறுமையாகக் கோடு போட்டார்.

மாமாவுக்கு அதில் ஏகப்பட்ட திருப்தி. “கோடு போட்டது மாமா. கண்ண மூடிக்கினு எறக்கலாம்” என்று எல்லோருக்கும் கேட்கச் சொல்லிவிட்டு, ஒரு பக்கம் முழுக்கத் துளைத்து, கம்பங்களைப் புரட்டிப் போட்டு மறுபக்கமும் துளைத்தார். குறைந்துபோன உத்தரத்துக்குப் பட்டறைக் கட்டை ஒன்றைப் போட்டு, கழுந்துகளையும் அவரே செதுக்கி, மத்தியானத்துக்குள் வேலையை முடித்தார். ஒவ்வொரு கழுந்தும் துளைக்குள் சிக்கென்று உட்கார்ந்தது. நான் கை தட்டினேன். அத்தை மட்டும் உள்ளே போய்த் தன் துணிப்பையில் புடவைகளை மடித்து வைத்தாள். அவள் முகத்தைப் பார்க்க எனக்குப் பிடிக்கவில்லை. அப்பா அவளிடம், “பை இங்கியே இருக்கட்டும். சட்டம் நின்னதும் வந்து கூட்டினு போறேன்” என்றார்.

அப்பாவும் மாமாவும் நானும் மரத்தோடு டெம்போவில் கடக்வாஸ்லாவுக்குப் போனோம். மாடியில் அத்தையின் மாமனார் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார். முதல் கம்பத்தை நிறுத்தினார்கள், உத்தரத்தைச் செருகினார்கள், இரண்டாவது கம்பம் வந்தது. அங்கே சட்டம் மூலை திரும்ப வேண்டும். திரும்பவில்லை. அடுத்த துளை பக்கவாட்டில் இல்லாமல் நேர் எதிர்ப்புறத்தில் இருந்தது. மாமா மூன்றாவது கம்பத்தைப் பார்த்தார், நான்காவதைப் பார்த்தார், எல்லாம் அப்படியே. நிறுத்தினால் நாலும் ஒரே வரிசையில்தான் நிற்கும். பக்கத்து மாடிக்காரர் எட்டிப் பார்த்து, “யே கம்ரா ஹை யா கம்பவுண்ட்?” என்று கேட்டார். அறையா, வேலியா என்று சந்தேகம் அவருக்கு.

மாமாவுக்கு முகம் வெளிறிவிட்டது. துளைத்த இடத்தில் இன்னொரு துளை போட்டால் கம்பம் ஒடிந்துவிடும், இனி இது விறகுக்குத்தான் ஆகும் என்றார். மாமனார் கத்தின கத்தலில் தெருவே கூடிவிட்டது. அப்பா தலையைக் குனிந்துகொண்டு, “கோடு தப்பாப் போச்சு. வேற மரம் பாக்கறேன்” என்றார். அவ்வளவுதான் பேசினார்.

வேறு மரம் அமையவே இல்லை. அதற்குள் அத்தை பட்டனிலிருந்து பிளவுஸுக்கு வந்து, பிளவுஸிலிருந்து சொந்தத் தையல் மெஷினுக்கு வந்து, ஒருநாள் பெரியவர்கள் முன்னால் போய் நின்று, நான் போகமாட்டேன் என்று தானே சொல்லிவிட்டாள். அப்பாவின் வாக்கும் தவறவில்லை. சட்டம்தான் நிற்கவே இல்லையே.

கல்யாண வீடுகளில் கதை கம்பவுண்டோடு முடிந்துவிடும், எல்லோரும் சிரித்துவிட்டு எழுந்துபோவார்கள். கடக்வாஸ்லாவிலிருந்து அன்று சாயந்திரம் வீடு திரும்பியதும் மாமா கூடத்தில் தலையைப் பிடித்துக்கொண்டு நடந்ததைச் சொன்னார். அம்மா அப்பாவைப் பிடிபிடி என்று பிடித்தாள். நான் சமையற்கட்டுக்குப் போனேன். அத்தை சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று, முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டிருந்தாள். தோள் இரண்டும் குலுங்கின. நான் அவள் புடவையைப் பிடித்து இழுத்தேன்.

“அழாத அத்தை. நல்ல உளி வாங்கிக் குடுத்தா அப்பா கரெக்டா செஞ்சிடுவாரு” என்றேன்.

அவ்வளவுதான், அத்தை அப்படியே தரையில் உட்கார்ந்து என்னைக் கட்டிக்கொண்டாள். முன்னைவிட அதிகமாகக் குலுங்கினாள். கண்ணில் தண்ணீர் வழிந்தது. அவள் தோளுக்கு மேலாகப் பின்கட்டு தெரிந்தது. அப்பா முந்தின வருஷம் அதே உளியால் செய்த முக்காலியில் உட்கார்ந்திருந்தார். அதில் ஒரு மூட்டுகூட ஆடவில்லை. வெட்ட ஒரு கட்டைகூட மிச்சமில்லாதபோதும் உளிக்கு எண்ணெய் தடவித் துணியில் சுற்றிக்கொண்டிருந்தார். இந்த மனுஷனுக்குக் கடைசிவரைக்கும் தச்சு வேலை கைவராமலே போய்விட்டதே என்று எனக்கு அவர்மேல் ரொம்பப் பாவமாக இருந்தது.