சுவரைப் பார்த்து அரைமணி

1959, விபூதிப் புதன். அன்று தொடங்கும் தவக்காலம் ஈஸ்டரில் முடியும்வரை தினமும் அரைமணி நேரம் கடவுளுக்கு முன்னால் பேசாமல் உட்காரச் சொல்லியிருந்தார் எங்கள் பங்குச் சாமியார். அப்போது நான் திண்டுக்கல் ஸ்டேஷனில் டிக்கெட் கொடுக்கும் குமாஸ்தா. கல்யாணமாகி மூன்று மாதம். ஒரே அறைதான் வீடு. அடுத்த கட்டடம் பூட்டுப் பட்டறை. அங்கே ஆறரைக்கு அரம் ராவும் சத்தம் தொடங்கிவிடும் என்பதால் ஆறு மணியைத் தேர்ந்தெடுத்தேன். கடிகாரத்தை எதிரில் வைத்து, பாயில் சுவரைப் பார்த்து உட்கார்ந்தேன்.

மூன்றாம் நாள் மனைவி காபி கலக்கவா என்று கேட்டாள். நான் வாயைத் திறக்கவில்லை. ‘6.12. பதில் சொல்லவில்லை. வெற்றி’ என்று நாட்குறிப்பில் எழுதியிருக்கிறேன்.

அவள் பிறந்த வீட்டில் ஆண்பிள்ளை சுவரைப் பார்த்து உட்கார்ந்தால் கோபம் என்று பொருள். சொந்தக்காரர் யாராவது வந்து பேசித் தீர்க்க வேண்டும். இது எனக்குத் தெரியாது. சனிக்கிழமை அவள் காய்கறி வண்டிக்காரரிடம் தன் ஊர் சாணார்பட்டிக்குச் சொல்லி அனுப்பினாள். ஞாயிறு மதியம் அவள் அண்ணன் ஒரு கூடை கத்தரிக்காயுடன் வந்து இறங்கினார்.

“என்ன மாப்ள, கொழம்புல உப்புக் கூடிப்போச்சா? நாலு நாளா மூஞ்சியத் திருப்பிக்கிட்டு ஒக்காந்திருக்கீகளாம்.”

கோபமில்லை, செபம் என்றேன்.

“செபம்னா வாயத் தொறந்துல்ல சொல்லணும்? எங்க வீட்டுல செபமால சொன்னா மூணு வீட்டுக்குக் கேக்கும்.”

அடுப்படியிலிருந்து அவள் குரல் வந்தது. அழுதிருந்தாள் என்பது அதில் தெரிந்தது.

“கடவுள்ட்டப் பேச ஒக்காந்தவுக எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லிட்டு ஒக்காந்திருக்கலாம்ல.”

மச்சான் கை கழுவிச் சாப்பிட உட்கார்ந்தார். நாட்குறிப்பில் நிமிடம் நிமிடமாக எழுதியிருந்த நான், பக்கத்தில் இருந்தவளிடம் சொல்லவில்லை. அவரை பஸ் ஏற்றிவிட்டு வந்ததும், சாமியார் சொன்னதையெல்லாம் அவளிடம் சொன்னேன். நானும் உட்காரலாமா என்று கேட்டாள்.

திங்கட்கிழமை காலை பாயின் மறுபாதியில் உட்கார்ந்தாள். நான் இரண்டாம் முறை கடிகாரத்தைப் பார்த்தபோது கையை நீட்டி அதைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்தாள். பட்டறையில் முதல் அரச் சத்தம் கேட்ட பிறகே எழுந்தோம். காபி கலக்கவா என்றாள். கலக்கு என்றேன்.

ஈஸ்டர் வரைக்கும் நாட்குறிப்பில் ‘6.00’ என்று மட்டுமே இருக்கிறது. முடிந்த நேரத்தை நான் குறிக்கவில்லை.