நாலாவது சங்கிலி

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ராஜபாளையம் பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகையில் பழைய மரச்சாமான்களைச் சீர்செய்து கொடுத்துக்கொண்டிருந்தேன். தேக்கு பீரோ, ஈட்டிக் கட்டில், சாய்வு மேசை என்று வரும். மரவேலை எனக்குப் பெரிய பாடாக இருந்ததில்லை. உளுத்த காலை மாற்றிவிடலாம், வெடித்த பலகையை ஒட்டிவிடலாம். அதில் பொருத்த வேண்டிய பித்தளைக்குத்தான் நாயாய் அலைய வேண்டும். பழைய கீல், பூட்டு, கைப்பிடி எதுவும் கடைகளில் கிடையாது. வீடுகளில் இருந்ததையெல்லாம் எடைக்குப் போட்டுவிட்டு எவர்சில்வர் வாங்கிக்கொண்டிருந்தார்கள். பழைய சாமான் கடைக்கு நான் போய்ச் சேருவதற்குள் அங்கே கிடந்தவை உருக்குவதற்கு லாரி ஏறியிருக்கும்.

ஒரு ஆனி மாதம் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ஒரு டீச்சர் வந்தார். நாற்பதை நெருங்கும் வயது. கையிலிருந்த துணிப்பையின் கனத்தில் ஒரு தோள் சரிந்திருந்தது. பையை என் மேசைமேல் கவிழ்த்தார். பித்தளை ஊஞ்சல் சங்கிலி. முழ நீளக் கம்பிகளை வளையங்களால் கோத்து, ஒவ்வொரு கம்பியின் நடுவிலும் எலுமிச்சம்பழ அளவில் ஒரு குண்டு. குண்டுக்குள் பரல்கள். தூக்கினால் கொலுசு போலச் சத்தம் கேட்டது.

"அண்ணே, இதே மாதிரி ஒண்ணு வேணும். எங்கயாச்சும் கிடைக்குமா?"

"ஒத்தச் சங்கிலியா? அது ரொம்பக் கஷ்டமாச்சே டீச்சர். இரும்புல போட்டுக்கிடுங்களேன்."

"போட்டுப் பாத்தாச்சு. கயிறும் கட்டிப் பாத்தாச்சு. என் தம்பி ஏற மாட்டேங்கான்" என்றவர், சங்கிலியைத் திரும்பப் பைக்குள் திணிக்க ஆரம்பித்தார்.

ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டுக்குப் போன பிறகுதான் எனக்கு விளங்கியது. தம்பிக்கு முப்பது வயதிருக்கும். அகன்ற தோள்கள், அக்கா அன்று காலையில் மழித்துவிட்ட முகம். பேச்சு கிடையாது. பிறந்ததிலிருந்தே அறிவு வளரவில்லை. விவரம் தெரியாத வயதிலிருந்து அந்த வீட்டுக் கூடத்து ஊஞ்சலிலேயே வளர்ந்தவர். பரல் சத்தம் கேட்டுக்கொண்டிருக்கும்வரை அவரால் யாருக்கும் தொந்தரவில்லை. காலையில் சோறூட்டி ஊஞ்சலில் உட்கார வைத்துவிட்டு, வெளிக்கதவைப் பூட்டிக்கொண்டு டீச்சர் பள்ளிக்கூடம் போவார். சாயங்காலம் வந்து திறக்கும்போது சத்தம் கேட்டுக்கொண்டேயிருக்கும். அப்பா அம்மா இறந்த பிறகு அவர்கள் இருவரும் வாழ்ந்தது அப்படித்தான்.

சித்திரையில், ஊஞ்சலின் நாலு சங்கிலியில் ஒன்றின் வளையம் தேய்ந்து அறுந்தது. பற்ற வைப்பதற்குப் பாத்திரப் பட்டறையில் கொடுத்திருக்கிறார். பட்டறையில் அதைப் பழைய பித்தளையோடு சேர்த்து எடைக்குப் போட்டுவிட்டார்கள். பட்டறைக்காரர் கையெடுத்துக் கும்பிட்டாராம். கும்பிட்டு என்ன செய்ய?

நான் போனபோது தம்பி, ஊஞ்சல் தொங்கிய இடத்துக்கு நேர்கீழே தரையில் உட்கார்ந்து முன்னும் பின்னும் ஆடிக்கொண்டிருந்தார். பின்னால் தூணில் தலையணையைச் சுற்றிக் கட்டியிருந்தது. ஒவ்வொரு ஆட்டத்துக்கும் பின்மண்டை அதில் போய் மோதியது. டீச்சர் லீவு போட்டுவிட்டு அவரோடேயே இருந்தார். ராத்திரியெல்லாம் கத்துகிறார், தூங்குவதில்லை என்றார். தூங்காதவர் முகம் டீச்சருக்கும் வந்திருந்தது.

கூடத்தில் அவர்களுடைய சித்தப்பா இருந்தார். நெற்றியில் பிளாஸ்திரி. தம்பி தள்ளியதில் நிலைப்படியில் மோதிய காயம்.

"தம்பி, நீங்க தேடுங்க, வேண்டாங்கல" என்றார் என்னிடம். "ஆனா தேர் முடியட்டும், இவனைக் கொண்டுபோய் விட்டுருவேன். மலையடிவாரத்துல ஒரு வைத்தியசாலை இருக்கு. இவளும் எம்புட்டு நாளைக்குத்தான் தாங்குவா? ஆளைப் பாருங்க, பாதியாப் போயிட்டா."

வாசல்வரை வந்த டீச்சர் தணிந்த குரலில் சொன்னார்: "அங்க காலைக் கட்டிப் போடுவாகளாம் அண்ணே. ஆடித் தேருக்குள்ள எப்படியாச்சும் பாருங்க."

அன்றிலிருந்து கையில் எடுத்திருந்த மற்ற வேலைகளை ஒதுக்கி வைத்தேன். ராஜபாளையத்தில் ஒரு பழைய சாமான் கடை விடாமல் குவியல்களைக் கிளறினேன். ஸ்ரீவில்லிபுத்தூர் பாத்திரக் கடைகளில் மாதிரிச் சங்கிலியைக் காட்டினேன். குண்டில்லாத சங்கிலி இருந்தது. குண்டிருந்தால் பரல் இல்லை. ஒரு வார்ப்புப் பட்டறையில் கெஞ்சிக் கூத்தாடிப் புதிதாக ஒன்று வார்க்கச் சொன்னேன். பார்வைக்கு அசல் போலத்தான் வந்தது. கொண்டுபோய் மாட்டினோம். தம்பி ஓடிவந்து உட்கார்ந்தார். டீச்சர் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார். நாலைந்து ஆட்டம்தான். புதுச் சங்கிலி தகர டப்பாவில் கல்லைப் போட்டது போல அடித்தது. அவர் அந்தச் சங்கிலியைப் பிடித்து உலுக்கினார், இன்னும் உலுக்கினார், பிறகு பல்லால் கடித்தார். உதட்டில் ரத்தம். மேல் வளையம் விரிசல் விட்டு, பலகை ஒரு பக்கமாகச் சரிந்து அவரைக் கீழே தள்ளியது. அன்று அவர் கத்திய சத்தத்தில் பக்கத்து வீட்டுக்காரர்கள் கூடத்துக்கே வந்துவிட்டார்கள்.

தேருக்குக் கொடியேறும் சமயத்தில், பழைய சாமான் கடைக்காரர் ஒருவர் கான்சாபுரத்தில் ஒரு வீட்டைச் சொன்னார். அந்த வீட்டில் எடைக்குக் கேட்டபோது இதே மாதிரிச் சங்கிலியைக் கொடுக்க மறுத்தார்களாம். தம்பியைச் சித்தப்பாவிடம் விட்டுவிட்டு டீச்சரும் என்னோடு பஸ் ஏறினார். வழியெல்லாம் பையை மடியில் அணைத்தபடி, "குடுத்துருவாகல்ல அண்ணே?" என்று கேட்டுக்கொண்டே வந்தார்.

சங்கிலி அங்கே இருந்தது. அதே கம்பி, அதே குண்டு, அதே சத்தம். அதில் ஒரு தொட்டில் தொங்கியது. தொட்டிலில் பிள்ளை தூங்கிக்கொண்டிருந்தது. உத்தரத்திலிருந்து பாதி தூரம் கயிறு, அதற்குக் கீழே சங்கிலி. அந்த வீட்டுப் பெண் வயல் வேலையிலிருந்து அப்போதுதான் வந்திருந்தாள்.

டீச்சர் எல்லாவற்றையும் சொன்னார். அந்தப் பெண் குறுக்கே பேசாமல் கேட்டாள். கடைசியில் மாட்டேன் என்று தலையை ஆட்டினாள்.

"எங்கம்மா வீட்டுச் சங்கிலி இது. அக்கா தங்கச்சிக ஆளுக்கொண்ணா எடுத்துக்கிட்டோம். மத்தவளுகளது எப்பவோ எடைக்குப் போயிருச்சு. கல்யாணமாகி ஒம்பது வருசம் கழிச்சுப் பிறந்த பிள்ளை. இந்தச் சத்தத்துலதான் கண்ணசருது. நான் எப்படிக் குடுப்பேன்?"

டீச்சர் அவள் காலைத் தொடக் குனிந்துவிட்டார். அந்தப் பெண் பதறிப்போய்ப் பின்னால் நகர்ந்தாள்.

"அய்யய்யோ, நீங்க பெரியவுக. இப்படிச் செய்யாதிய. உங்க பிள்ளை தூங்கணும்னு நீங்க வந்திய. எம்பிள்ளையும் தூங்கணும்லக்கா?"

மோர் கொடுத்தாள். குடித்துவிட்டு வந்தோம். பஸ் நிறுத்தத்தில் டீச்சர் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு, எத்தனையோ பேர் பார்க்க, சத்தமாக அழுதார்.

பஸ்ஸில் எனக்குக் கண்ணுக்குள் அந்தத் தொட்டிலே நின்றது. மேல்பாதி கயிறுதான். ஆனால் பிள்ளைக்குக் கேட்டது பரல்தான். டீச்சர் வீட்டுக் கூடம் உயரமானது, சங்கிலிகளும் நீளமானவை. மீதமிருக்கும் மூன்றையும் பிரித்து நாலாக்கிக் கோத்தால், உட்கார்ந்திருப்பவர் தலைக்கு மேல்வரை பித்தளை வந்துவிடும். அதற்கு மேலே இரும்புக் கம்பி போதும். சொன்னபோது டீச்சர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "செய்யுங்க அண்ணே" என்றார். நம்பிக்கையெல்லாம் தீர்ந்துபோன குரல்.

மில்களுக்கு வேலை செய்யும் ஒரு லேத் பட்டறையில் கம்பிகளைக் கடைந்து கொக்கி வளைத்து வாங்கினேன். அளவு சரியா என்று பார்க்க டீச்சரை ஒரு நாள் காலையில் வரச் சொன்னேன். தம்பியைச் சித்தப்பாவிடம் விட்டுவிட்டு வந்தார், பார்த்தார், கம்பிகளைத் தூக்கிக்கொண்டு இருவரும் ஸ்ரீவில்லிபுத்தூர் போய் இறங்கினோம்.

வீடு திறந்து கிடந்தது. தம்பி இல்லை.

பக்கத்து வீட்டு அம்மாள் ஓடிவந்து சொன்னார். திருவிழா மேளமும் ஒலிபெருக்கியும் சேர்ந்து காதைப் பிளக்க, தம்பி கதவைத் தள்ளிக்கொண்டு தெருவுக்கு ஓடியிருக்கிறார். கூட்டத்தில் ஒரு வயசாளியைக் கீழே தள்ளிவிட்டார். ஆட்கள் அடித்திருக்கிறார்கள். சித்தப்பா அவரை மீட்டு, அங்கேயே ஒரு வேன் பிடித்து வைத்தியசாலைக்குக் கொண்டுபோய்விட்டார்.

டீச்சர் கத்தவில்லை. "வாங்க அண்ணே" என்று செருப்பைக்கூடப் போடாமல் இறங்கி நடந்தார்.

வைத்தியசாலை என்று போர்டு மட்டும்தான் இருந்தது. உள்ளே ஒரு மாந்தோப்பு. மரத்துக்கு மரம் ஆட்கள், கணுக்காலில் இரும்பு வளையம், அதிலிருந்து மரத்துக்குச் சங்கிலி. தம்பி ஒரு மரத்தடியில் ஒருக்களித்துக் கிடந்தார். கன்னம் வீங்கியிருந்தது. இழுத்து இழுத்துக் கால் தோல் உரிந்திருந்தது. அக்காவைப் பார்த்தும் எழுந்திருக்கவில்லை.

"நான் இவன்கூடப் பிறந்தவ. அவுத்து விடுங்க" என்றார் டீச்சர். காவலாள் ஒன்றும் கேட்காமல் சாவிக்கொத்தோடு வந்தான். அவன் பூட்டைத் திறந்துகொண்டிருந்தபோது பக்கத்து மரத்திலிருந்து ஒரு கை என் வேட்டியைப் பிடித்தது. தலை நரைத்த, நல்ல தெளிவான கண்களுள்ள ஆள்.

"சார், என்னையும் அவுக்கச் சொல்லுங்க. நான் ஒழுங்கா இருப்பேன்."

காவலாள் அவர் கையைத் தட்டிவிட்டான். நான் தம்பியைக் கைத்தாங்கலாகப் பிடித்துக்கொண்டு நடந்தேன். பின்னால் அவர் "சார், சார்" என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். ரோட்டுக்கு வரும்வரை கேட்டது.

ஊஞ்சலை அன்று பிற்பகலே மாட்டினேன். தம்பி திரும்பிப் பார்க்கவில்லை. சுவரைப் பார்த்துச் சுருண்டு கிடந்தார். டீச்சர் பலகையில் தானே உட்கார்ந்தார். காலால் உந்தி ஆட ஆரம்பித்தார். மேலே இரும்பு லேசாகக் கிறீச்சிட்டது. அதற்கு எண்ணெய் விட்டேன். பிறகு பரல் சத்தம் மட்டும் கேட்டது. அவர் ஆடிக்கொண்டேயிருந்தார், கண்ணீர் வழிந்துகொண்டேயிருந்தது. பொழுது சாயும் வேளையில் தம்பி தலையைத் தூக்கினார். எழுந்து நொண்டி நொண்டி வந்தார். அக்காவின் தோளைப் பிடித்துப் பலகையிலிருந்து தள்ளினார். தான் ஏறி உட்கார்ந்து, ஒரு குண்டைக் காதோடு சேர்த்து வைத்துக்கொண்டார். தரையில் விழுந்த இடத்திலேயே டீச்சர் உட்கார்ந்திருந்தார். கொஞ்ச நேரத்தில் இருவருமே தூங்கிப்போனார்கள். நான் கதவைச் சாத்திவிட்டு வந்தேன்.

தேர் நிலைக்கு வந்த பிறகு ஒரு நாள், கொக்கிகள் தாங்குகின்றனவா என்று பார்க்கப் போனேன். கூடத்தில் சித்தப்பா நாற்காலியில் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருந்தார். டீச்சர் அவருக்குப் பலகாரம் எடுத்து வைத்துக்கொண்டிருந்தார். தம்பி ஆடிக்கொண்டிருந்தார், காலில் துணிக்கட்டு. சித்தப்பா கிளம்பிப் போனதும் கேட்டுவிட்டேன்.

"எப்படி டீச்சர் அவுகளுக்குக் காபி குடுக்க மனசு வருது?"

டீச்சர் டம்ளரை எடுத்துக்கொண்டு அடுப்படிப் பக்கம் போனவர் நின்றார்.

"நாளைக்கு நான் செத்துட்டா இவனுக்கு அவிய ஒருத்தருதான அண்ணே இருக்காக" என்றார்.